சான் கிளெமெந்தேயின் படிக்கட்டு: ரோமும் தொடக்கக் கிறிஸ்தவமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமுக்குத் திருப்பயணம் கிளம்புகிறவர்களும், போய்த் திரும்பியவர்களும், வகுப்பில் உலக வரலாறு நடத்தும் ஆசிரியர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றில் நானே நின்று நிதானித்துப் பேச ஆசைப்பட்டேன், அவை நீண்டுவிட்டன.

ரோமில் அரை நாள்தான் கிடைக்கும். எதைப் பார்க்கலாம்?

புனித பேதுரு பேராலயத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சான் கிளெமெந்தே தேவாலயம் வரும். அங்கே போங்கள்.

நுழைந்ததும் கண்ணில் படுவது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பொன் மொசைக்கில் சிலுவையைச் சுற்றி ஒரு கொடி சுருள் சுருளாகப் படர்ந்திருக்கும். சீட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அங்கே 11ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஒரு சுவரோவியத்தில் எஜமான் ஒருவன் வேலையாட்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுகிறான். அந்தத் திட்டையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். லத்தீன் இத்தாலியமாக உருமாறிக்கொண்டிருந்த காலத்துப் பேச்சுமொழிக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் அதுவும் ஒன்று.

இன்னும் கீழே இறங்குங்கள். இப்போது 1ஆம் நூற்றாண்டு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய சந்து. செங்கல்லில் கை வைத்தால் ஈரம். ஒரு கட்டடத்துக்குள் மித்ரா என்ற தெய்வத்தை வழிபட்ட அறை: குகைபோல் வளைந்த கூரை, இருபுறமும் சாய்ந்தமர்ந்து விருந்துண்ணத் திண்ணைகள், நடுவே காளையை வீழ்த்தும் மித்ராவைச் செதுக்கிய பலிபீடம். எங்கோ நிலத்தடியில் தண்ணீர் ஓடும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

1857இல் ஜோசஃப் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி தோண்டத் தொடங்கும்வரை, மேலே பூசை கண்டவர்களுக்குத் தங்கள் காலடியில் இன்னொரு தேவாலயம் கிடப்பது தெரியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது ஏறக்குறைய அந்தப் படிக்கட்டிலேயே இருக்கிறது. பழையதை மண்ணிட்டு நிரப்பி, அதன் சுவர்மேலேயே அடுத்த சுவரை எழுப்பினார்கள்.

ரோமப் பேரரசு 300 ஆண்டுகளும் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியதா?

தொடர்ச்சியாக இல்லை. விட்டு விட்டு, ஊருக்கு ஊர் வேறு வேறு அளவில் நடந்தது. கி.பி. 64இல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தபோது பேரரசர் நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டுக் கொடூரமாகக் கொன்றதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அது தலைநகரில் மட்டும் நடந்தது. பேரரசு முழுவதற்குமான ஆணை 250இல் பேரரசர் டீசியஸ் காலத்தில்தான் வந்தது. பிறகு 257இல் வலேரியன். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டு அமைதி. 303இல் டையோக்ளீஷியனின் பெருந்துன்புறுத்தல்.

இடைப்பட்ட காலம் எப்படி இருந்தது என்பதைக் காட்ட ஒரு கடிதம் போதும். சுமார் 112இல், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதுகிறார்: கிறிஸ்தவர்களை எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை; குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகக் கருதிப் பாடுகிறார்கள்; திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பி ஒப்படைத்ததை மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள்; பிறகு கூடிச் சாதாரண உணவு சாப்பிடுகிறார்கள். உண்மையைக் கறக்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். அந்தப் பெண்கள் அவர்கள் சபையில் பணிப்பெண்கள், அதாவது திருத்தொண்டர்கள். அவர்கள் பெயரை அவர் குறிக்கவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. சபையில் பொறுப்பு வகித்த இரண்டு பெண்கள், அடிமைகள், ஒரு கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் வந்து போகிறார்கள்.

டிராஜனின் பதில் சுருக்கமானது: தேடிப் பிடிக்க வேண்டாம், யாராவது முறைப்படி குற்றம்சாட்டி அது உறுதியானால் தண்டியுங்கள், மறுதலித்து நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடுங்கள், மொட்டைக் கடிதங்களைக் கையால் தொடாதீர்கள், அது நம் காலத்துக்கு அழகல்ல. குற்றம் என்றால் ஏன் தேடக் கூடாது, குற்றம் இல்லை என்றால் ஏன் தண்டிக்க வேண்டும் என்று பிற்காலத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் மொட்டைக் கடிதத்தை ஏற்காத ஓர் அரசு என்பதையும் கவனிக்க வேண்டும்.

எத்தனையோ தெய்வங்களை ஏற்றுக்கொண்ட ரோமர்களுக்கு இவர்கள்மேல் மட்டும் ஏன் வெறுப்பு?

ரோமர்களுக்குச் சமயம் என்பது ஊர்க் கடமை. தெய்வங்களுக்குப் பலியிட்டால் மழை பெய்யும், படை வெல்லும், கொள்ளைநோய் விலகும். பலியிட மறுப்பவன் ஊரையே ஆபத்தில் தள்ளுகிறான் என்று எண்ணினார்கள். யூதர்களும் மறுத்தார்கள், ஆனால் அவர்களுடையது முன்னோர் வழிவந்த பழைய வழக்கம் என்பதால் விலக்கு கிடைத்தது. கிறிஸ்தவர்களுடையது நேற்று முளைத்தது, அதுவும் சிலுவையில் தொங்கிச் செத்த ஒருவனைக் கும்பிடுவது.

அந்தக் கேலியை நேரில் பார்க்கலாம். ரோமின் பாலட்டைன் குன்றில் அரண்மனையைச் சேர்ந்த கட்டடச் சுவரில் யாரோ ஆணியால் கீறிய ஒரு படம் கிடைத்தது, சுமார் கி.பி. 200ஐ ஒட்டியது. கழுதைத் தலையுள்ள ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே ஒருவன் கை உயர்த்தி நிற்கிறான். கோணல்மாணலான கிரேக்க எழுத்தில், ‘அலெக்சமெனோஸ் கடவுளை வணங்குகிறான்’ என்று கீறியிருக்கிறது. சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் இது ஒன்று. வரைந்தவன் நம்பிக்கையாளன் அல்ல, கூட வேலை பார்த்தவனைப் பழித்தவன். பக்கத்து அறை ஒன்றில் ‘அலெக்சமெனோஸ் விசுவாசமுள்ளவன்’ என்று வேறொரு கீறலும் கிடைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு மனிதன் எழுந்து நிற்பது தெரிகிறது.

பலியிட்டதற்குச் சான்றிதழ் கொடுத்தார்களாமே?

ஆம். டீசியஸின் ஆணைப்படி எல்லாரும் அதிகாரிகள்முன் பலியிட்டு, பானம் ஊற்றி, படைத்ததைச் சுவைத்துக் காட்ட வேண்டும். எகிப்தின் வறண்ட மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் விண்ணப்பதாரர் அவுரேலியுஸ் டயோஜெனிஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் மச்ச அடையாளம் எழுதுவதுபோலத்தான். ‘எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன்’ என்று சொல்லிக் கையொப்பம் கேட்கிறார்.

சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். சிலர் பயந்து பலியிட்டார்கள். கலவரம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தபோது சேர்த்துக்கொள்வதா என்று சபையே இரண்டுபட்டது. சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தவம் செய்ய வேண்டும் என்ற பக்கம் வென்றது. தொடக்கத் திருச்சபையின் பெருந்தன்மைக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கொலோசியத்தில்தான் மறைசாட்சிகளைச் சிங்கத்துக்குப் போட்டார்களா?

விலங்குகளுக்கு இரையாக்கும் தண்டனை உண்மை. ஆனால் குறிப்பாகக் கொலோசியத்தில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டதற்கு அக்காலச் சான்று இல்லை. நீரோவின் கொலைகள் நடந்தபோது கொலோசியம் கட்டப்படவே இல்லை. அது 80இல் திறக்கப்பட்டது. அங்கே சிலுவைப்பாதை நடத்தும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் காலத்தில் வேரூன்றியது.

நிலத்தடிக் கல்லறைகளில் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்தார்களா?

இல்லை. நகரத்துக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்பது ரோமின் மிகப் பழைய சட்டம். அதனால் ஊருக்கு வெளியே ஆப்பியன் சாலை போன்ற பெருவழிகளின் ஓரமாகக் கல்லறைகள் எழுந்தன. ரோமைச் சுற்றி நிலத்துக்கடியில் இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. வெட்ட மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் கெட்டிப்படும். யூதர்களும் பழைய தெய்வங்களை வணங்கியவர்களும்கூட அப்படி வெட்டிப் புதைத்தார்கள். அதிகாரிகளுக்கு இடம் நன்றாகத் தெரியும். பிணங்கள் அடுக்கிய சுரங்கத்தில் யாரும் குடித்தனம் நடத்த முடியாது.

போய் நின்றது இறந்தவர்களை நினைக்க. 258இல் வலேரியன் அந்தக் கூட்டங்களையும் தடை செய்திருந்த நேரத்தில், திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துசை கலிஸ்து கல்லறையிலேயே பிடித்துக் கொன்றார்கள். அங்கே 3ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தையர் பலர் புதைக்கப்பட்ட அறையை 1854இல் தொல்லியலாளர் தெ ரோசி கண்டுபிடித்தார். அவர்கள் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இருக்கின்றன. ரோம் திருச்சபை முதலில் பேசியது கிரேக்கம். வந்தேறிகளின், வணிகர்களின், அடிமைகளின் மொழி. லத்தீன் வழிபாட்டு மொழியாக நிலைபெற்றது 4ஆம் நூற்றாண்டில்தான்.

புனித பேதுருவின் கல்லறை உண்மையிலேயே பேராலயத்தின் அடியில் இருக்கிறதா?

நம் பாட்டிமார் இராயப்பர் என்று அழைத்த பேதுரு, சின்னப்பர் என்று அழைத்த பவுல், இருவருமே ரோமில் உயிர் கொடுத்தார்கள் என்பது மிகப் பழைய மரபு. 1939இல் பேராலயத்தின் கீழே தோண்டியபோது ரோமானியக் கல்லறைத் தெரு ஒன்று முழுதாக வெளிப்பட்டது. பலிபீடத்துக்கு நேர் கீழே, சுமார் 160ஐச் சேர்ந்த சிறிய நினைவு மாடம் ஒன்றும் கிடைத்தது. கிடைத்த எலும்புகள் அவருடையவைதாமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எனக்கு வலுவாகத் தெரியும் சான்று வேறு: 4ஆம் நூற்றாண்டில் இங்கே முதல் பேராலயத்தை எழுப்பிய பேரரசர் கான்ஸ்டன்டைனின் பொறியாளர்கள் சற்றுத் தள்ளிச் சமதரையில் கட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டுக் குன்றை ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் புழக்கத்தில் இருந்த கல்லறைகளை மண்ணால் மூடி, பலிபீடத்தை அந்தச் சிறு மாடத்தின்மேல் வரும்படி அமைத்தார்கள். அந்த இடம்தான் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்திருக்கவில்லை.

அதிகாரமும் படையும் இல்லாத சபை எப்படி இப்படிப் பரவியது?

ரோமச் சாலைகள், கடற்கொள்ளை அடங்கிய கடல், எங்கும் செல்லுபடியான கிரேக்க மொழி என்று பாடநூல்கள் சொல்லும் காரணங்கள் சரியே. ஆனால் என் மனத்தில் நிற்பது ஓர் எண். 251இல் ரோமின் ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் தம் சபைக்கு 46 குருக்கள், 7 திருத்தொண்டர்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, சபை சோறு போட்டுக் காக்கும் கைம்பெண்களும் ஏழைகளும் 1,500க்கு மேல் என்கிறார். சட்டத்தின் கண்ணில் முறையான இடமே இல்லாத ஒரு கூட்டம், துன்புறுத்தல் ஓய்ந்தும் ஓயாத ஆண்டில், மாதம் தவறாமல் அத்தனை பேருக்கு உணவு கொடுத்திருக்கிறது.

ரோமிலும் இலவசத் தானியம் இருந்தது. பதிவு செய்த குடிமக்களுக்கு மட்டும். செல்வர்கள் ஊருக்குக் குளிக்கும் மண்டபம் கட்டிக் கொடுத்தார்கள், தங்கள் பெயரைப் பொறித்து. ஏழை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தாங்குவது புதிது. 361 முதல் 363 வரை ஆண்டு, பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியனே இதை ஒப்புக்கொண்டார்: அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காக்கிறார்கள், நமக்கு வெட்கம் என்று தம் குருக்களில் ஒருவருக்கு எழுதினார். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பபியோலா என்ற செல்வச் சீமாட்டி ரோமில் நோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனையை நிறுவி, தெருவில் கிடந்தவர்களைத் தாமே சுமந்து வந்து புண்ணைக் கழுவியதைப் புனித ஜெரோம் பதிந்திருக்கிறார். ரோம் உலகத்துக்கு விட்டுச்சென்றவற்றில் சாலையையும் வளைவையும்விட இதை நான் மேலாக வைப்பேன்.

கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச சமயமாக்கினாரா?

இல்லை. பள்ளிப் புத்தகங்களிலேயே வரும் பிழை இது. 312 அக்டோபர் 28இல் மில்வியன் பாலத்துப் போரில் வென்றார். 313இல் கிழக்கை ஆண்ட பேரரசர் லிசினியஸுடன் சேர்ந்து எல்லாச் சமயத்தவருக்கும் வழிபாட்டு உரிமை தந்தார். பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தார். லாத்தரன் பேராலயத்தைக் கட்டினார். ஆனாலும் அவர் வெளியிட்ட காசுகளில் வெல்லமுடியாச் சூரியன் இன்னும் பல ஆண்டு ஒளிவிட்டது. 337இல் சாகும் தறுவாயில்தான் திருமுழுக்குப் பெற்றார். கிறிஸ்தவத்தை அரசின் சமயமாக்கியது 380இல் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணை.

விவிலியத்தில் எந்த நூல்கள் என்று நிசேயா சங்கத்தில் வாக்கெடுத்தார்களா?

அந்தப் பேச்சே அங்கு எழவில்லை. 325இல் ஆயர்கள் அங்கே கூடியது இயேசு தந்தைக்கு இணையான கடவுளா என்ற சிக்கலையும், பாஸ்கா விழா நாளையும் தீர்க்க. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே வரும் பட்டியலை 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் மடலில் பார்க்கிறோம்.

இன்றைய வழிபாட்டில் ரோமானியம் எது?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ‘பசிலிக்கா’ என்பது ரோமில் வழக்கு விசாரித்த, வணிகம் பேசிய பெருமண்டபம். கோடியில் அரைவட்ட மாடத்தில் நீதிபதி உட்காருவார். கிறிஸ்தவர்கள் பெரிய கட்டடம் தேடியபோது தெய்வக் கோயிலின் வடிவத்தை எடுக்கவில்லை. கோயிலில் சிலைக்குத்தான் இடம், மக்கள் வெளியே நிற்பார்கள். எல்லாரும் உள்ளே கூட வேண்டும் என்பதால் நீதிமண்டபத்தை எடுத்தார்கள். வேளாங்கண்ணியையும் சாந்தோமையும் பசிலிக்கா என்று நாம் சொல்லும்போது ரோமின் கோர்ட்டுக் கட்டடப் பெயரைத்தான் சொல்கிறோம். குரு பூசையில் போடும் மேலாடை, ரோமர்கள் மழைக்கும் பயணத்துக்கும் போர்த்திய அங்கியின் வழி வந்தது. ஊரில் மற்றவர்கள் உடை மாறியது. பலிபீடத்தில் மட்டும் மாறவில்லை.

சொற்களும் அப்படியே. ‘தியோசிஸ்’ என்பது டையோக்ளீஷியன் பேரரசைப் பிரித்த ஆட்சிப் பிரிவின் பெயர். கிறிஸ்தவர்களை அழிக்க முயன்றவர் வகுத்த பிரிவின் பெயரைத் திருச்சபை இன்றும் வைத்திருக்கிறது. தமிழில் அதை ‘மறைமாவட்டம்’ என்று பெயர்த்தவர்கள், அந்த ஆட்சி வாடையை அப்படியே தக்கவைத்துவிட்டார்கள். ‘எக்லேசியா’ கிரேக்க ஊர்களில் குடிமக்கள் கூடிய சபை; ‘திருச்சபை’ என்ற நம் சொல் அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘சாக்ரமெந்தும்’ என்றால் படைவீரன் எடுக்கும் உறுதிமொழி. அதுதான் இன்று அருட்சாதனம்.

டிசம்பர் 25 சூரியத் திருவிழாவிலிருந்து எடுத்ததா?

நிச்சயமாகச் சொல்ல முடியாது. 354இல் ரோமில் தொகுத்த ஒரு நாட்குறிப்பு ஏட்டில்தான் இயேசு பிறப்பு டிசம்பர் 25 என்று முதலில் தெளிவாக வருகிறது. அதே ஏட்டின் இன்னொரு பட்டியலில் அதே நாளில் ‘வெல்லமுடியாதவனின் பிறப்பு’ என்ற சூரிய விழாவும் வருகிறது. எது எதைப் பின்பற்றியது என்பதற்கு இரு பக்கமும் வாதங்கள் உண்டு. மார்ச் 25இல் கருவானார் என்று கணக்கிட்டு, ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது ஒரு வாதம்.

நம் நாட்காட்டியில் ரோம் எவ்வளவு இருக்கிறது?

சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதெல்லாம் ரோமைத்தான் கிழிக்கிறோம். ஜூலை ஜூலியஸ் சீசர், ஆகஸ்ட் அகஸ்டஸ். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. சப்த, அஷ்ட, நவ, தச என்பதோடு ஒப்பிட்டால் காதிலேயே விழும். பழைய ரோம ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அதனால்தான் பத்தாம் மாதம் இப்போது பன்னிரண்டாவது.

கிழமைகளும் ஒரே குடும்பம். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று நாம் சொல்லும் அதே கோள் வரிசைதான் இத்தாலியரின் மார்த்தெதி, மெர்க்கொலெதி, ஜொவெதி, வெனெர்தி. கோள்களின் பெயரிலான கிழமை முறை கிரேக்க ரோமானிய உலகில் உருவாகிச் சோதிடத்தோடு இந்தியா வந்தது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கியது 321இல் கான்ஸ்டன்டைன் போட்ட சட்டம்: நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்வெடுக்கட்டும், உழவர்கள் வேலை செய்யலாம், நல்ல பருவம் தவறக் கூடாது என்றது.

கி.பி. என்று எண்ணத் தொடங்கியவர் 525இல் ரோமில் வாழ்ந்த டயோனிசியஸ் என்ற துறவி. அவர் கணக்கு சில ஆண்டு தவறியது, இயேசு பிறந்தபோது ஆண்ட மன்னன் ஏரோது கி.மு. 4இலேயே இறந்துவிட்டான் என்பது பொதுவான கணிப்பு, ஆகவே இயேசு பிறந்தது அதற்கு முன்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமக் காசுகளுக்கும் விவிலியத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்கு. ‘சீசருக்குரியதைச் சீசருக்குக் கொடுங்கள்’ என்று இயேசு சொன்னபோது கேட்டு வாங்கிப் பார்த்த தெனாரியம், திபேரியு பேரரசரின் வெள்ளிக் காசாக இருந்திருக்கும் என்பது வழிவழியாக வரும் கருத்து. கோவை வட்டாரத்தில் கிடைத்த புதையல்களில் அதிகம் இருப்பவை அகஸ்டஸ், திபேரியு காசுகளே. மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாக வந்தவை. நகக்கண் அளவு வெள்ளி. ஒரு பக்கம் மாலை சூடிய தலை, மறுபக்கம் செங்கோலோடு அமர்ந்த பெண். ஓரத்தில் ‘பொந்திஃப் மாக்சிம்’, அதாவது தலைமைக் குரு, என்ற பட்டம். பின்னாளில் பேரரசர்கள் அந்தப் பட்டத்தைக் கைவிட்டார்கள். மறுமலர்ச்சிக் காலம் முதல் திருத்தந்தையர் அதைத் தங்கள் கட்டடங்களில் பொறித்தார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகள் இருக்கின்றன. குனிந்து எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

ரோமச் சட்டம் இன்றும் எங்காவது உயிரோடு இருக்கிறதா?

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருக்கிறது. பேரரசர் ஜஸ்டினியன் 529 முதல் 534 வரை தொகுத்த சட்டநூல்கள் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொலோஞ்ஞாவில் மீண்டும் பாடமாயின. அங்கிருந்து நாடு நாடாகப் பரவின. குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதியை அதில் படிக்கலாம்.

ஈழத் தமிழருக்கு இது இன்னும் நெருக்கம். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துத் தங்கள் ரோமன் டச்சுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுக்க வைத்தார்கள். இலங்கையின் பொதுச் சட்டம் இன்றும் ரோமன் டச்சுச் சட்டமே. தேசவழமை பேசாத இடத்தில் அது பேசும். பருத்தித்துறையில் ஒரு காணி வழக்கில் ஜஸ்டினியனின் நிழல் விழுவதற்கு இடமிருக்கிறது.

ரோமின் பழைய கோயிலான பாந்தியன் எப்படி இடியாமல் நிற்கிறது?

கட்டுமானம் ஒரு காரணம்: 43.3 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம், கம்பியே இல்லை. அடியில் கனமான கல், உச்சியில் நுரைக்கல் கலந்து எடையைக் குறைத்தார்கள். எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் இறுகிப் பாறையானது. இன்னொரு காரணம் 609இல் திருத்தந்தை நான்காம் போனிஃபாஸ் அதைத் தேவாலயமாக்கியது. பூசை நடந்த கட்டடத்தை யாரும் கல்லுக்காகப் பிரிக்கவில்லை. தேவாலயமாகாத எத்தனையோ கோயில்கள் சுண்ணாம்புச் சூளைக்குப் போயின.

கிறிஸ்தவம்தான் ரோமை வீழ்த்தியதா?

410இல் கோத் இனத் தலைவன் அலாரிக் ரோமைச் சூறையாடியபோது பழைய தெய்வங்களை வணங்கியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பதிலாகவே புனித அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ எழுதினார். சூறையாடிய அலாரிக்கும் கிறிஸ்தவன்தான். அதற்கு முன் முற்றுகையை விலக்க அவன் வாங்கிய பொருள்களில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. மிளகு போனது நம் மேற்குக்கரை மலைகளிலிருந்து. மேற்கில் 476இல் பேரரசு முடிந்தது. அதே அளவு, ஏன் அதைவிடத் தீவிரக் கிறிஸ்தவமாக இருந்த கிழக்குப் பேரரசு 1453 வரை நின்றது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

அதிகாரம் கைக்கு வந்ததும் கிறிஸ்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மிலான் ஆயர் அம்புரோசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்கப் பேரரசர் தியோடோசியஸ் ஆணையிட்டார். அம்புரோஸ் அவருக்கு நற்கருணை தர மறுத்தார். பேரரசர் எல்லார்முன்னும் தவம் செய்த பின்பே ஏற்றார். ஆட்சியாளனும் நியாயத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்பதை ரோம் அன்று கண்டது.

அதே அம்புரோஸ்தான் இரண்டு ஆண்டுக்கு முன், கல்லினிகும் ஊரில் ஆயரின் தூண்டுதலில் கிறிஸ்தவக் கும்பல் எரித்த யூதத் தொழுகைக்கூடத்தைச் சபைச் செலவில் கட்டித் தர வேண்டும் என்ற பேரரசர் ஆணையை எதிர்த்து நின்று கைவிட வைத்தார். பலியிட மறுத்ததற்காக நேற்றுவரை செத்தவர்கள், 391, 392இல் பலியிடுவதையே தடை செய்த சட்டத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அடிமை முறையும் ஒழியவில்லை. வலிக்கிறது என்பதற்காக இதை மறைத்தால், பிளினியிடம் அடிபட்ட அந்த இரண்டு பெண்களுக்கு நாம் செய்யும் துரோகம்.

நிலத்தடிக் கல்லறைகளுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். எலும்புகள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. சுவரில் வெட்டிய மாடங்களைக் காட்டுங்கள்: பெரியவர்களுக்கு ஓர் ஆள் நீளம், இடையிடையே இரண்டு சாண், மூன்று சாண். சின்னவை குழந்தைகளுக்கு. மூடிப் பூசிய சாந்து ஈரமாக இருக்கும்போதே பெற்றோர் அதில் ஒரு காசையோ, கண்ணாடிக் கிண்ணத்தின் அடித்துண்டையோ, எலும்பில் செய்த பொம்மையையோ அழுத்திப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்வெட்டு வைக்க வசதியில்லாதவர்களுக்கு, அடுத்த முறை வரும்போது தங்கள் பிள்ளையின் மாடத்தை விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெயில் கொளுத்தினாலும் கீழே குளிரும்.